நியூயார்க் குடும்ப நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு: நீட்டிப்பு மனு வந்தால் எப்படி எதிர்ப்பது? கேள்வி-பதில்கள்

இங்கே சொல்வதெல்லாம் நியூயார்க் மாநிலக் குடும்ப நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவைப் பற்றியது; அதாவது, குடும்பத்தில் ஒருவர் இன்னொருவரைத் துன்புறுத்தக் கூடாது, நெருங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தும் உத்தரவு. அது யார் மேல் வந்ததோ அவருக்காகத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிக்குப் போனால் கதையே வேறு. அங்கே இறுதி உத்தரவுக்குக் காலாவதித் தேதி கிடையாது, அதனால் நீட்டிப்பு என்ற பேச்சும் இல்லை. நியூஜெர்சி எடிசனில் இருக்கும் நண்பர் சொன்ன யோசனையை நியூயார்க்கின் குயின்ஸ் வழக்கில் பயன்படுத்தப் பார்க்காதீர்கள். பொதுவான விவரங்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வழக்கின் காகிதங்களைப் படித்துப் பார்த்த வக்கீலின் சொல்லே உங்களுக்குக் கணக்கு.

இரண்டு வருட உத்தரவு அடுத்த மாதம் முடிகிறது. இப்போது அதை நீட்டிக்கச் சொல்லி மனு வந்திருக்கிறது. அப்படிக் கேட்க முடியுமா?

முடியும். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 842ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. இறுதி உத்தரவு சாதாரணமாக 2 வருடம் வரை இருக்கும். காயம், ஆயுதம், முந்தைய உத்தரவுகளைத் திரும்பத் திரும்ப மீறியது போன்ற கடுமையான சூழ்நிலைகளை நீதிமன்றம் கண்டறிந்தால், அல்லது நடப்பில் இருந்த உத்தரவு மீறப்பட்டது என்று முடிவு செய்தால், 5 வருடம் வரை போகலாம். அந்தக் காலம் முடிவதற்குள் மனுதாரர் (பாதுகாப்பு கேட்டவர்) வந்து தக்க காரணம் காட்டினாலோ, இரண்டு தரப்பும் சம்மதித்தாலோ நீதிபதி நீட்டிக்கலாம்.

இந்த மனுவில் புதிதாக ஒரு குற்றத்தை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் மனுதாரருக்கு இல்லை. முதல் வழக்கில் அடித்தார், மிரட்டினார், பின்தொடர்ந்தார் என்று ஏதாவது ஒரு குடும்பக் குற்றத்தைக் காட்ட வேண்டியிருந்தது. நீட்டிப்புக்குத் தக்க காரணம் போதும். பலர் முதல் வழக்கை நடத்திய மாதிரியே இதையும் நடத்தப் போய்க் கோட்டை விடுகிறார்கள்.

இந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் பக்கமே போகவில்லை. அது போதாதா?

போதாது. நம்மவர்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சியாக இருக்கிறது. உத்தரவு நடப்பில் இருந்த காலத்தில் துன்புறுத்தல் நடக்கவில்லை என்பது மட்டுமே நீட்டிப்பை மறுக்கப் போதுமான காரணம் ஆகாது என்று 2010இல் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்துவிட்டார்கள். உத்தரவு இருந்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று மனுதாரர் சொல்லலாம். அதை நீங்கள் இல்லை என்று நிரூபிப்பது கஷ்டம்.

ஆனால் அந்த வரியில் 'மட்டுமே' என்ற சொல்லைக் கவனியுங்கள். தனியாக நின்றால் போதாது, மற்றவற்றோடு சேர்ந்தால் கனமான விஷயம். 2016இல் இரண்டாம் மேல்முறையீட்டுப் பிரிவு (மேல்முறையீடுகளைக் கேட்கும் மாநில நீதிமன்றம்; புரூக்லின், குயின்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட், லாங் ஐலண்ட் எல்லாம் இதன் கீழ்தான் வரும்) தக்க காரணம் இருக்கிறதா என்று எதையெல்லாம் வைத்துப் பார்க்க வேண்டும் என விளக்கியது. இருவருக்கும் முன்பும் இப்போதும் உள்ள உறவு எப்படிப்பட்டது, முதல் உத்தரவு எந்தச் சூழ்நிலையில் வந்தது, இருவரும் எவ்வளவு அடிக்கடி சந்திக்க வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வன்முறையோ உத்தரவு மீறலோ நடந்ததா, இன்றைய நிலையில் மனுதாரர் தன் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறதா. கடைசியில் சொன்னதுதான் வழக்கின் உயிர். அவர் பயப்படுகிறாரா என்பதோடு விஷயம் முடிவதில்லை. அந்தப் பயத்துக்கு இன்று நியாயமான அடிப்படை இருக்கிறதா என்பதும் கேள்வி.

அப்படியென்றால் எதை வைத்து எதிர்ப்பது?

மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் காகிதமாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'நான் நல்லவன்' என்று சொல்லும் பத்து உறவினர்களைவிட ஒரு வாடகை ஒப்பந்தம் அதிகம் பேசும்.

நீங்கள் வேறு ஊருக்கு, வேறு வேலைக்குப் போய்விட்டீர்களா? விவாகரத்து முடிந்து, சொத்து பிரித்து, பேச வேண்டிய காரணமே இல்லாமல் போய்விட்டதா? குழந்தையை ஒப்படைப்பது மாதக்கணக்காகச் சச்சரவு இல்லாமல் நடக்கிறதா? நீதிமன்றம் போகச் சொன்ன வகுப்புகளை முழுவதும் முடித்த சான்றிதழ் இருக்கிறதா? எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். குழந்தை விஷயமாகப் பேசிக்கொள்ள உத்தரவு இடம் தந்திருந்தால், அந்த மெசேஜ்களை ஆரம்பம் முதல் கடைசி வரை எடுத்து வையுங்கள். உங்களுக்குச் சாதகமான இரண்டு திரைப்பிடிப்பை மட்டும் வெட்டிக் கொண்டுபோனால், மீதியை எதிர்த்தரப்பு கொண்டுவரும். அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அடுத்து, அவர் மனுவை வரிவரியாகப் படியுங்கள். பழைய சம்பவத்தையே திரும்பச் சொல்கிறாரா, புதிதாக ஏதாவது சொல்கிறாரா? புதிதாகச் சொன்னால் எந்தத் தேதி, எந்த இடம்? அன்று நீங்கள் அலுவலகத்தில் இருந்ததற்கோ ஊருக்குப் போயிருந்ததற்கோ ஆதாரம் இருந்தால் அது நேரடியான பதில். பதிலைப் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுங்கள். உண்மைகளில் தகராறு இருக்கிறது, சாட்சிகளை வைத்து விசாரணை நடத்த வேண்டும் என்று கேளுங்கள். தன் முடிவுக்கான காரணத்தை நீதிபதி பதிவில் சொல்லியாக வேண்டும் என்றும் அதே 842ஆம் பிரிவு சொல்கிறது. காரணம் சொல்லாமல் நீட்டித்தால், வக்கீல் அந்த இடத்திலேயே எழுந்து அதைக் கேட்க வேண்டும். பிறகு மேல்முறையீட்டில் அது உதவும்.

முதல் வழக்கே பொய். அதை இப்போது நிரூபித்துவிட்டால்?

அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியாகிவிட்டது. விசாரணை நடந்து, குற்றம் நடந்தது என்று நீதிபதி முடிவு சொல்லியிருந்தால், நீட்டிப்பு மனுவில் அதைத் திரும்பத் தோண்ட விடமாட்டார்கள். அதற்கான நேரம் அன்றைய மேல்முறையீடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீதிபதி எதிரில் நின்று 'அது எல்லாமே நாடகம்' என்று ஆரம்பித்தால், இந்த மனிதருக்கு இன்னும் கோபம் தணியவில்லை என்றுதான் அவர் குறித்துக்கொள்வார். மனுதாரரின் பயத்துக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு முடியட்டும் என்று சம்மதம் மட்டும்தான் கொடுத்தேன்.

இப்படி முடிந்த வழக்குகள் ஏராளம். குற்றம் நிரூபணம் ஆகவில்லை, எதிர்மனுதாரர் (உத்தரவு யார் மேல் வருகிறதோ அவர்) ஒப்புக்கொள்ளவும் இல்லை, ஆனால் உத்தரவுக்குச் சம்மதித்தார் என்ற வகை. அதையும் நீட்டிக்கலாம். உங்களுக்கு ஒரு சின்ன வசதி உண்டு. நீங்கள் இன்னது செய்தீர்கள் என்ற தீர்ப்பு எங்கும் இல்லாததால், முதல் உத்தரவு எந்தச் சூழ்நிலையில் வந்தது என்ற கேள்வியில் உங்கள் வக்கீல் பேசுவதற்குக் கொஞ்சம் இடம் இருக்கும். அன்று சம்மதித்தபோது நீதிமன்றத்தில் பதிவான வார்த்தைகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உத்தரவு இருந்தபோது அவரே எனக்கு வாட்ஸாப்பில் எழுதினார், போன் செய்தார். இது எனக்குச் சாதகம்தானே?

எதிர்ப்புக்கு உதவும். பயப்படுகிறேன் என்று சொல்பவர் தானாகவே வந்து சாதாரணமாகப் பேசியிருந்தால், அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்று நீதிபதி எடைபோடுவார். ஆனால் நீங்கள் பதில் எழுதியிருந்தால் கதை மாறுகிறது. உத்தரவு கட்டுப்படுத்துவது உங்களை மட்டும்தான். அவர் அழைத்தாலும், சம்மதித்தாலும், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாலும் உத்தரவு அப்படியே நிற்கும். உத்தரவுத் தாளிலேயே இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அவர் மெசேஜைச் சேமியுங்கள், பதில் போடாதீர்கள், வக்கீலுக்கு அனுப்புங்கள்.

ஏற்கனவே பதில் போட்டுவிட்டீர்கள் என்றால், அந்த மெசேஜ்களை ஆதாரமாக நீட்டுவதற்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள். உத்தரவை மீறியதை நீங்களே ஒப்புக்கொள்வதாக அது ஆகலாம். மீறியதற்குக் குடும்ப நீதிமன்றமே 6 மாதம் வரை சிறை தரலாம். குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனால் இரண்டாம் நிலை நீதிமன்ற அவமதிப்புக்கு 364 நாள் வரை, முதல் நிலை என்றால் 4 வருடம் வரை.

ஊரிலிருந்து அப்பா, மாமா யாரையாவது விட்டுப் பேசி, மனுவைத் திரும்பப் பெறச் சொல்லலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் வழக்கத்தில் குடும்பச் சண்டை என்றால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் முறை. மதுரையிலிருந்து அப்பா சம்பந்திக்குப் போன் போடுவார், சித்தப்பா 'ஏம்மா கோர்ட்டு கேஸெல்லாம், பிள்ளையின் எதிர்காலத்தைப் பாரு' என்பார், யாழ்ப்பாணத்து அத்தை குடும்ப வாட்ஸாப் குழுவில் அறிவுரை எழுதுவார். அவர்கள் மனதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் தொடர்பு கொள்ளக் கூடாது என்று வரும் உத்தரவில் வழக்கமாக 'மூன்றாம் நபர் வழியாகவும் கூடாது' என்று இருக்கும். நீங்கள் சொல்லித்தான் அவர்கள் பேசினார்கள் என்று காட்டினால் அது மீறல். நீட்டிப்பு மனு நடக்கும் நேரத்தில் வந்த அப்படிப்பட்ட ஒரு போன், வேறு எதுவும் இல்லாத மனுவுக்குத் தக்க காரணத்தைக் கையில் கொடுத்துவிடும். நீங்கள் சொல்லாமல் அவர்களாகவே பேசினாலும் அதைத் தெளிவுபடுத்தும் வேலை உங்கள் தலையில்தான் விழும். அதனால் வீட்டில் எல்லோரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்: யாரும் எதுவும் பேச வேண்டாம், வக்கீல் பேசுவார். கொஞ்சம் கடுமையாகச் சொன்னாலும் பரவாயில்லை.

ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலில் எதிரில் பார்த்துவிட்டேன். அது மீறலா?

தற்செயலாகப் பார்த்தது என்றால், பேசாமல் உடனே கிளம்பிவிடுங்கள். தேதி, நேரத்தைக் குறித்து வையுங்கள். அவர் வெள்ளிக்கிழமைதோறும் வருவார் என்று தெரிந்தும் வெள்ளிக்கிழமையே போனால் தற்செயல் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை. ஆங்கிலமும் தடுமாறும்.

இரண்டுக்கும் வழி இருக்கிறது. குடும்பக் குற்ற வழக்குகளில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு, மனுதாரரோ எதிர்மனுதாரரோ, நீதிமன்றம் இலவச வக்கீலை நியமிக்க வேண்டும் என்று 262ஆம் பிரிவு சொல்கிறது. முதல் வாய்தாவிலேயே கேளுங்கள். வருமான விவரம் கேட்பார்கள்.

மொழிபெயர்ப்பாளரும் இலவசம். முன்கூட்டியே 'தமிழ்' என்று பெயர் சொல்லிக் கேட்டு வையுங்கள். இந்தியர் என்று பார்த்து இந்தி மொழிபெயர்ப்பாளரை வைத்துவிட்டால், சமாளித்துக்கொள்ளலாம் என்று தலையாட்டாதீர்கள். இலங்கைத் தமிழ் பேசுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். 'அவரைப் பார்க்கப் போனேன்' என்பதும் 'அவரைத் தேடிப் போனேன்' என்பதும் இந்த வழக்கில் ஒன்றல்ல.

நான் சாட்சி சொல்ல ஏற வேண்டுமா?

இது சிவில் வழக்கு. நீங்கள் வாய் திறக்காவிட்டால், சொல்ல ஒன்றும் இல்லை என்று உங்களுக்கு எதிராக ஊகிக்க நீதிபதிக்கு இடமுண்டு. ஆனால் அதே சம்பவத்துக்காகக் குற்றவியல் வழக்கும் நடந்துகொண்டிருந்தால், இங்கே சொல்வது அங்கே உங்களுக்கு எதிராக வரலாம். அப்படி இரண்டு வழக்கு இருந்தால் இரண்டு வக்கீல்களும் கலந்து பேசாமல் ஏறாதீர்கள். குற்றவியல் நீதிமன்றம் கொடுத்த உத்தரவு தனி, இது தனி. ஒன்று முடிந்தால் மற்றது தானாக முடியாது.

முழுவதும் எதிர்ப்பதா, கொஞ்சம் விட்டுக்கொடுப்பதா?

என் அபிப்பிராயத்தில் பலருக்கும் நடுவழிதான் நல்லது, அதிலும் குழந்தைகள் இருந்தால். உத்தரவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வீடு, வேலை, பள்ளி, ஆள் எதன் அருகிலும் போகக் கூடாது, தொடர்பே கூடாது என்பது. மற்றது, அடிக்காதே, மிரட்டாதே, தொல்லை செய்யாதே என்று மட்டும் சொல்வது. இரண்டாவது வகை இருக்கும்போது நீங்கள் குழந்தையின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகலாம், அவரோடு நாகரிகமாகப் பேசலாம். சட்டம் எல்லோருக்கும் தடை செய்திருப்பதைத்தான் அது உங்களுக்குத் திரும்பச் சொல்கிறது என்றாலும், மீறினால் விளைவு கடுமை.

நீட்டிப்பை அடியோடு மறுக்கச் சொல்வதற்குப் பதில், 'இரண்டு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம், முழுத் தடைக்குப் பதில் தொல்லை செய்யாதே வகை, குழந்தை விஷயத்துக்கு மின்னஞ்சல் அனுமதி' என்று கேட்டால் நீதிபதிக்கும் முடிவெடுப்பது எளிது. மனுதாரரும் பல நேரம் சம்மதிப்பார், அவருக்கும் விசாரணை ஒரு சுமைதான். எவ்வளவு காலம் நீட்டிக்கலாம் என்று சட்டம் எண் சொல்லவில்லை. 'நியாயமான காலம்' என்றுதான் இருக்கிறது. அதனால் இரண்டு பக்கத்துக்கும் பேரம் பேச இடமுண்டு. ஆனால் முழுக்க மறுக்க வேண்டிய வழக்குகளும் உண்டு. மனுவில் புதிதாகச் சொன்ன சம்பவம் பொய் என்று காட்டக் கைவசம் ஆதாரம் இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தச் சம்பவம் பதிவில் நின்றுவிட்டால் குழந்தைக் காவல் வழக்கிலும் வந்து நிற்கும்.

வாய்தா தள்ளிப்போகிறது. இதற்கிடையில் பழைய உத்தரவு முடிந்துவிடுமே?

நீதிபதி இடைக்காலமாக நீட்டித்துக்கொண்டே போகலாம். தாளில் உள்ள பழைய தேதியை நம்பாதீர்கள். ஒவ்வொரு வாய்தாவிலும் புதிய தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அன்று போகாமல் இருந்துவிட்டால்?

நீங்கள் இல்லாமலே நீட்டித்துவிடுவார்கள். ஆஜராகாமல் போனதால் வந்த உத்தரவை நேரடியாக மேல்முறையீடு செய்ய முடியாது. முதலில் அதே நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கேட்க வேண்டும். வராததற்கு நியாயமான காரணம், வழக்கில் சொல்லத் தக்க எதிர்வாதம், இரண்டையும் காட்ட வேண்டும். உத்தரவு முறைப்படி உங்களுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து ஒரு வருடம் கெடு. சம்மனே உங்களுக்குச் சட்டப்படி கொடுக்கப்படவில்லை என்றால் அது தனி வாதம், அதற்கு அந்த ஒரு வருடக் கணக்கு கிடையாது.

நீட்டித்துவிட்டார்கள். மேல்முறையீடு எப்படி?

30 நாள். நீதிமன்றத்தில் கையிலேயே உத்தரவைக் கொடுத்தால் அன்றிலிருந்து 30 நாள், எதிர்த்தரப்பு கொடுத்தால் அந்த நாளிலிருந்து 30, நீதிமன்ற அலுவலகம் தபாலில் அனுப்பினால் அனுப்பியதிலிருந்து 35. இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. அதற்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு போவது மேல்முறையீட்டுப் பிரிவுக்கு. நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்றால் விவாகரத்தெல்லாம் நடக்கும் முதல்நிலை நீதிமன்றம், அங்கே போய் நிற்காதீர்கள்.

மேல்முறையீடு போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது. தனியாகத் தடை வாங்கினால் ஒழிய அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். யார் சொல்வது உண்மை என்பதில் நேரில் பார்த்த நீதிபதியின் முடிவை மேல்நீதிமன்றம் எளிதில் மாற்றாது. காரணம் சொல்லாமல் நீட்டித்தது, விசாரணை மறுத்தது, சட்டத்தைத் தப்பாகப் பொருத்தியது என்ற பிழைகளில்தான் வாய்ப்பு கொஞ்சமாவது இருக்கும். மேல்முறையீடு முடிவதற்குள் உத்தரவின் காலம் முடிந்துவிட்டாலும் வழக்கு செத்துவிடாது. அப்படி ஓர் உத்தரவால் பின்விளைவுகள் தொடரும் என்பதால் கேட்டே ஆக வேண்டும் என்று மாநிலத்தின் உச்சநிலை நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது.

மேல்முறையீடு தவிர இன்னொரு வழியும் உண்டு. சூழ்நிலை மாறினால், தக்க காரணம் காட்டி, நிபந்தனைகளை மாற்றச் சொல்லி 844ஆம் பிரிவில் அதே நீதிமன்றத்தில் மனு போடலாம்.

ஹெச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு பாதிக்குமா?

சிவில் பாதுகாப்பு உத்தரவு ஒன்று இருப்பதே நாடுகடத்தக் காரணம் ஆகாது. அதை மீறினால் ஆகலாம். வன்முறை மிரட்டல், தொடர்ந்த தொல்லை, காயம் ஆகியவற்றிலிருந்து பாதுகாக்கும் பகுதியை மீறினீர்கள் என்று ஒரு நீதிமன்றம் தீர்மானித்தாலே போதும், குற்றத் தண்டனைகூடத் தேவையில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். அதனால் 'ஆமாம், மீறினேன், மன்னித்துவிடுங்கள்' என்று சொல்லி வழக்கை முடிக்கும் முன் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். குடும்ப நீதிமன்ற வக்கீலுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

துப்பாக்கி?

வைத்திருந்தால் ஒப்படைக்கச் சொல்லலாம். உங்களுக்கு அறிவிப்பும், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கொடுத்த பின் வந்த பல உத்தரவுகளில் கூட்டாட்சிச் சட்டமும் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. அந்தத் தடை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024இல் 8-1 என்று சொல்லிவிட்டது.

ஊரில் வக்கீலாக இருக்கும் மாமா, 'அவள் வேண்டாம் என்று சொல்லும் வரை உத்தரவு ஓடும்' என்கிறாரே?

அவர் சொல்வது இந்தியாவின் 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம். அங்கே பாதுகாப்பு உத்தரவு, பாதிக்கப்பட்ட பெண் விடுவிக்கக் கேட்கும் வரை நடப்பில் இருக்கும், மாற்றக் கேட்பவர் சூழ்நிலை மாற்றத்தைக் காட்ட வேண்டும். நியூயார்க் வழக்குக்கு அது உதவாது. அதே மாதிரி நியூயார்க் உத்தரவு அமெரிக்கா முழுவதும் செல்லும், சென்னையில் அது தானாகச் செல்லாது.

நான் எதிர்மனுதாரர் அல்ல, பாதுகாப்பு கேட்டவர். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

மேலே சொன்ன எல்லாவற்றையும் எதிர்ப்பக்கத்திலிருந்து படியுங்கள். அவர் எதை வைத்துப் பேசுவார் என்று தெரிந்துவிடும். முக்கியமாக, உத்தரவு முடிவதற்கு முன்பே மனு போடுங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். இன்றும் ஏன் பயம் என்பதை எழுதுங்கள்: பழைய சம்பவம் எவ்வளவு கடுமையானது, குழந்தையை ஒப்படைக்க நேரில் பார்க்க வேண்டியிருப்பது, உறவினர் வழியாக வந்த செய்திகள், வீட்டுப் பக்கம் பார்த்த கார். தேதி முடிந்த பிறகு போனால் நீட்டிக்க அங்கே உத்தரவு இருக்காது. புதிதாக ஒரு குடும்பக் குற்றத்தைக் காட்டி, முதலிலிருந்து புது மனு போட வேண்டியிருக்கும்.